எடை மாறாத துண்டு

புதன், காலை ஏழு பத்து.
பீல் நகரத்து மூடுபனி
ஏரியை விட்டு இன்னும் எழும்பவில்லை.
ஆய்வுகூடச் சாவி என் கையில்.
விளக்கைப் போட்டதும்
வரிசையாக ஆறு முகவைகள் கண் கூசின.

நேற்று மாலை
ஒரே கிழங்கில் துளைத்தெடுத்த உருளைகள்,
ஒவ்வொன்றும் மூன்று கிராமுக்குக் கிட்ட.
இரவு முழுக்கச் சீனிக் கரைசலில் கிடந்தன.
முகவைகளின் நெற்றியில்
நான் ஒட்டிய சீட்டுகள் இரண்டு மொழியில்,
இந்த ஊர்த் தெருப்பலகைகளைப் போலவே.

ஜெர்மனில் ஒஸ்மோசெ,
பிரெஞ்சில் ஒஸ்மோஸ்.
கடைசி உயிரெழுத்து ஒன்றுதான் எல்லைக்கோடு.
எங்கள் பாடப்புத்தகத்தில் அது பிரசாரணம்.
திருச்சியில் படித்த என் கணவர்
"சவ்வூடு பரவல்" என்று திருத்துவார்,
பிரசாரணமாம், என்ன தேர்தலா என்று சிரிப்பார்.
கிழங்குக்கும் இங்கே இரண்டு பெயர்.
பிரித்துப் பார்த்தால் இரண்டுமே மண் ஆப்பிள்,
சண்டை பிடிக்கவும் வழியில்லை.
தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது.
நெருக்கடி எங்கே அதிகமோ
அங்கே போய்
அதைக் கொஞ்சம் தளர்த்தும்.

எட்டரைக்கு வந்தார்கள்.
வெறும் தண்ணீரில் கிடந்த துண்டு
விறைத்து நின்றது,
யானிக் அதை மேசையில் தட்டி மேளம் அடித்தான்.
அடர்ந்த சீனியில் கிடந்ததை
விரலில் சுற்றலாம்,
நனைந்த சப்பாத்துக் கயிறு.
பின்வரிசையில் யாரோ
பெர்மாங்கனேட் மணி ஒன்றைப் போட்டுவிட்டு
ஊதா நூல்கள் இறங்குவதைப் பார்த்தபடி
வாயை மூட மறந்திருந்தார்கள்.

ஜன்னலோர மேசைக்குப் புள்ளி மூன்று.
நேற்று மூன்று புள்ளி பூச்சியம் இரண்டு,
இன்றும் அதே.
செரைனா துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தாள்.
தராசை அணைத்து, போட்டு, மறுபடி நிறுத்தாள்.
"எங்களுடையது பழுது" என்றாள்.
கொப்பியில் எழுதினாள்:
ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு என்னைப் பார்த்து
வேறு கிழங்கு இருக்கிறதா என்றாள்.

இருந்தது. அரைப் பை இருந்தது.
பாடம் சொல்வது என் வேலை இல்லை,
முகவை கழுவுவது என் வேலை.
கிழங்கை எடுக்கவும் இல்லை,
வாயைத் திறக்கவும் இல்லை.
ஈரத் துணியைப் பிழிந்தபடி நின்றேன்.

பஸ்தியான் கேட்டான்,
கேள்வி அவளுக்கா தராசுக்கா தெரியவில்லை:
"பஸ்ஸில் ஏழு பேர் இறங்கி
ஏழு பேர் ஏறினால்
ஒன்றும் நடக்கவில்லையா?"
"ஏறினது வேறு ஆட்கள்."
"அதைத்தான் சொல்கிறேன்."
"நீ எங்கே சொன்னாய்,
நான்தானே சொன்னேன்!"
மணி அடிக்கும்வரை அந்தத் தகராறு ஓடியது.
நடுவில் எப்போதோ
அவள் அந்த வரியைக் குறுக்கே கீறி
மேலே எழுதியிருந்தாள்:
எடை மாறவில்லை.
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்:
அதே தண்ணீர்தானா என்று தெரியாது.

எல்லாரும் போனபின்
கிழங்குத் துண்டுகளை உரவாளியில் கொட்டினேன்.
புள்ளி மூன்றை மட்டும்
உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
மேளமும் இல்லை, கயிறும் இல்லை.
வெட்டி எடுத்தபோது இருந்த கிழங்கு.
இரவு முழுவதும் அதன் வாசலில்
எத்தனை போக்குவரத்து!
சத்தம் வெளியே கேட்கவில்லை.
பின்வரிசை முகவையில்
நூல்கள் எல்லாம் கரைந்து
ஒரே ஊதா.
அதையும் ஊற்றினேன்.

வீட்டில்
பாகற்காய்க்கு உப்புப் போட்டு வைத்தேன்.
கை கழுவித் திரும்புவதற்குள்
தட்டில் தண்ணீர் கசிந்திருந்தது.
"இன்றைக்கு என்ன நடந்தது?" என்றார் கணவர்,
தினமும் கேட்கிற மாதிரியே.
ஒன்றும் நடக்கவில்லை என்று
தினமும் சொல்கிற மாதிரி
வாய் திறந்து,
நிறுத்தி,
"எடை மாறவில்லை" என்றேன்.

அவர் என்னை
மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு
மரியாதைக்கு
ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.